டயருக்குப் பூசிய பாலிஷ்

நான் பௌதிக ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். காற்றழுத்தம், வெப்பம் என்று முப்பது வருடம் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்தவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாவம், தெரியாமல் செய்துவிட்டார் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசிவிடக் கூடாது.

ஓய்வு பெற்ற கையோடு எனக்கு ஓர் ஆசை பிடித்தது. ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போக ஒரு சின்ன கேரவன். இரண்டு சக்கரம், இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு. லாரிக்கு பாடி கட்டுகிறவரிடம் சொல்லிச் செய்து வாங்கினேன். மணப்பாட்டுக்கு ஒரு தடவை, குற்றாலத்துக்கு ஒரு தடவை போய்வந்தோம், அதோடு ஆசை தீர்ந்துவிட்டது. மாப்பிள்ளையூரணியில் எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் வெயிலிலும் உப்புக்காற்றிலும் அது ஏழு வருடம் நின்றது. அடியில் கோழிகள் முட்டையிட்டன.

போன மே மாதம் மகளும் மருமகனும் வந்தார்கள். கூடவே சாத்தான்குளத்திலிருந்து மருமகனின் அம்மாவும் வந்தார். கல்யாணப் பேச்சின்போது இந்தக் கேரவனைப் பற்றி நான் அளந்துவிட்டதை மருமகன் மறக்கவில்லை. “மாமா, ஒரு நாள் அதுல போவோமே” என்றார். ஸ்ரீவைகுண்டம் அணைக்குப் போய், ஆற்றங்கரையில் சாப்பிட்டு வருவதென்று முடிவானது.

முந்தின நாள் கேரவனை இழுத்துக்கொண்டு எங்கள் தெருமுனை பஞ்சர் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி குத்தவைத்து டயரைத் தடவிப் பார்த்தார்.

“பட்டன் புதுசு கணக்கா இருக்கு சார். ஓடவே இல்லல்லா. ஆனா பக்கத்தப் பாருங்க, வெயிலு தின்னுருக்கு. நகத்த வச்சா வெடிப்புக்குள்ள போவுது. ரெண்டையும் மாத்திருங்க.”

“தரையில படுறது பட்டன்தான அண்ணாச்சி” என்றேன். பௌதிக ஆசிரியன் சொன்ன பதில் இது.

“காத்த தாங்குறது பக்கம்லா சார். இந்த சைஸ் திருநெல்வேலில சொல்லித்தான் வரணும். ரெண்டு நாளாவும்.”

“நாளைக்கே போகணும். காத்து மட்டும் நாப்பது பவுண்டு பிடிங்க.”

அவர் பிடித்துவிட்டார். போகும்போது, “உள்ள ஆள மட்டும் ஏத்தாதீங்க சார்” என்றார்.

அவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் டயர் சரியில்லை, இரண்டு நாள் கழித்துப் போகலாம் என்று மருமகனிடம் சொல்ல கௌரவம் விடவில்லை. வழியில் ஒரு பாட்டில் டயர் பாலிஷ் வாங்கினேன். சாயங்காலம் பழைய பனியனை அதில் நனைத்து வெடிப்புகளின் மேல் இரண்டு தடவை தேய்த்தேன். டயர் கன்னங்கரேலென்று மின்னியது. தள்ளி நின்று பார்த்து, வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் காலை என் மனைவி எல்லோரையும் நிறுத்தி வழிப்பயணத்துக்காக நீளமாக ஜெபித்தாள். சக்கரங்களையும் காத்துக்கொள்ளும் ஆண்டவரே என்றாள். ஆமென் என்று சத்தமாகச் சொன்னவன் நான். சம்மந்தியம்மாவுக்கு முழங்கால் வலி, ஜீப்பில் காலை மடக்கி உட்கார முடியாது. “பின்னால மெத்தையில படுத்துக்கோங்க, ராணி மாதிரி வரலாம்” என்று நானே கைகொடுத்து ஏற்றிவிட்டேன்.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள புதுக்கோட்டையைத் தாண்டி, ஸ்ரீவைகுண்டம் சாலையில் திரும்பிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. பட்டென்று ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தால் கேரவன் இடதும் வலதுமாக ஆடுகிறது. ஜீப்பையும் சேர்த்து இழுத்தது. நான் நிறுத்துவதற்குள் அது கொக்கியைப் பிய்த்துக்கொண்டு சாலையோரப் பள்ளத்தில் சரிந்துவிட்டது. மருமகன் கதவை உடைத்து அம்மாவை வெளியே எடுத்தார். நெற்றி கிழிந்திருந்தது, இடது மணிக்கட்டு முறிந்து தொங்கியது. அவர் அழக்கூட இல்லை. “பிள்ளைகளுக்கு ஒண்ணுமில்லையே?” என்றுதான் கேட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மருமகன், “எப்படி மாமா வெடிச்சது?” என்றார்.

“அந்தப் பஞ்சர் கடைக்காரன் காத்தை அளவுக்கு மேல பிடிச்சிட்டான்” என்றேன். யோசிக்கவே இல்லை. வாயில் தயாராக இருந்தது போல வந்தது.

மறுநாள் அவர் கிழிந்த டயரைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சியின் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். நாலு பேர் முன்னால் மருமகன் அவரை வாய்க்கு வந்தபடி பேசினார். அண்ணாச்சி டயரைப் புரட்டி, பக்கவாட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேய்த்தார். விரலில் பாலிஷின் கறுப்பு ஒட்டியது. அந்த விரலையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

“காத்து, சார் சொன்ன அளவுதான் வச்சேன்” என்றார். விரலைத் துணியில் துடைத்துவிட்டு டயரைத் திருப்பிக் கொடுத்தார். பஞ்சர் பார்க்க வந்திருந்த ஒருவர் தன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வேறு கடைக்குப் போனார்.

ஊருக்குக் கிளம்பும் அன்று சம்மந்தியம்மா மாவுக்கட்டுக் கையோடு என்னிடம் வந்தார். “நீங்க மனசக் கஷ்டப்படுத்தாதீங்க. ஏறும்போது சக்கரத்துல சேல பட்டு கறுப்பு ஒட்டிச்சு. எங்களுக்காவ டயரக்கூடத் தொடச்சு பாலிஷ் போட்டிருக்கியளேன்னு நினைச்சேன். அந்தாளு செஞ்சதுக்கு நீங்க என்ன செய்வீக?”

அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர்கள் போன பிறகு அண்ணாச்சியின் கடைக்குத் தனியாகப் போனேன். தப்பு என்னுடையது, மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே, “எங்கிட்ட எதுக்கு சார் சொல்லுதீக? எனக்குத்தான் தெரியுமே. உங்க மருமவன்ட்ட சொல்லுங்க” என்றார்.

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

போன வாரம் மருமகன் காரில் வந்திருந்தார். முன் டயரில் காற்று குறைவாக இருந்தது. தெருமுனையில் அண்ணாச்சியின் கடை திறந்திருந்தது, அவர் வாசலில்தான் நின்றிருந்தார். மருமகன் வேகத்தைக் குறைக்காமல், “இந்த ஆள்ட்ட வேண்டாம், என்ன மாமா?” என்றார்.

“புதுக்கோட்டையில பிடிச்சிக்கிடலாம்” என்றேன்.