பத்தாம் நம்பர் ஜெர்சியின் கறை

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அழுக்குத் துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அவிழ்ப்பதற்கு முன்பே அது எந்த வார்டு மூட்டை என்று மூக்காலேயே சொல்லிவிடுவார், பன்னிரண்டு என்று எல்லாரும் கூப்பிடும் சலவைக்காரர். அவிழ்த்த பிறகு கறையின் நிறமே சொல்லிவிடும்: காய்ந்த ரத்தம் துருநிறம், சிந்திய மருந்து ஊதா, வாந்தி என்றால் நடுவில் வெளுத்துச் சுற்றிலும் மஞ்சளாக வரம்பு கட்டியிருக்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் வாரம் சோறு இறங்காமல் கிடப்பார்கள். இவரோ மெஷின் பக்கத்திலேயே டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவார்.

"நோயாளி பண்றதெல்லாம் ஒரு அசிங்கமா? பாவம், அவன் வேணும்னா பண்றான்? நல்லா இருக்கிறவன் பண்ணுவான் பாரு, அதுதான் கொமட்டும்" என்பார்.

பன்னிரண்டு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. ஊர் கால்பந்து கிளப்பில் ஆறு வருஷம் பன்னிரண்டாவது ஆளாகப் பெஞ்சைத் தேய்த்துச் சம்பாதித்த பெயர். கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான் நிஜப் பெயர் இருந்தது. அதைப் படித்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்ட நண்பர்கள் உண்டு.

அந்தக் கிளப்பில் மொத்தமே பதினோரு ஜெர்சி. பன்னிரண்டாவதாக ஒன்று தைக்கலாமே என்று எவனுக்கும் தோன்றவில்லை. ஆடுகிறவன் களைத்து வெளியே வந்தால் கோட்டருகிலேயே கழற்றிப் பிழிந்து கொடுப்பான். உள்ளே போகிறவன் அதையே மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். அடுத்தவன் வியர்வை முதுகில் சில்லென்று ஒட்டும்போது உடம்பெல்லாம் கூசும். கோல் கணக்கு நோட்டிலும் நம்பரைத்தான் எழுதுவார்கள். ஜெர்சிக்குள் இருந்த உடம்பு யாருடையது என்பது யாருக்கும் பொருட்டில்லை.

முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தைய இறுதி ஆட்டம். அன்று மத்தியானம் பத்தாம் நம்பர்காரன் பந்தயம் கட்டிப் பதினாலு அவித்த முட்டையை விழுங்கியிருந்தான். இரண்டாம் பாதியில், நடு மைதானத்தில் நின்றபடியே நெஞ்சு நனைய வாந்தி எடுத்தான். கைத்தாங்கலாகக் கொண்டுவந்து, ஜெர்சியை உரித்துப் பன்னிரண்டின் கையில் திணித்தார்கள். தண்ணீர் தேட நேரமில்லை. தலைவழியே மாட்டும்போது மூக்கிலும் உதட்டிலும் பட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு ஓடினார். ஆட்டம் முடியும் தறுவாயில், எதிரணி கோலுக்கு முன்னால் குனிந்து ஓங்கரித்துக்கொண்டிருந்தவரின் இடுப்பில் பந்து பட்டு உள்ளே போனது. பார்க்க லட்சணமான கோல் இல்லைதான். ஆனால் அந்தக் கிளப் ஜென்மத்தில் ஜெயித்த ஒரே கோப்பை அந்த இடுப்பால் வந்தது. கட்டிப்பிடிக்க ஓடிவந்தவர்கள் பாதியில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

நோட்டில் பத்து என்று எழுதிவிட்டார் அப்போதைய செயலாளர். கேட்கப் போனதற்கு, "கோல் போட்டது ஜெர்சிடா தம்பி. உள்ள எவன் இருந்தான்னு எழுத ஆரம்பிச்சா நோட்டு கொள்ளாது" என்றார். ஜெயித்த ஜெர்சியைத் துவைத்தால் ராசி போய்விடும் என்று கிளப்பில் ஒரு நம்பிக்கை. அதனால் அதை அப்படியே பாலிதீன் பையில் சுற்றிப் பெட்டியில் போட்டார்கள். பன்னிரண்டின் கோலும் அதோடு உள்ளே போயிற்று. அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசியது மனைவியிடம் மட்டும்தான். தன் பேரில் அந்த ஒரு கோல் எழுதப்பட்டால் போதும் என்ற ஆசை மட்டும் இத்தனை வருஷமும் அடங்கவில்லை.

போன மாதம் இப்போதைய செயலாளர் போன் செய்தார். வீட்டு மனை விற்கிறவர். பேச்சும் அதே குழைவு.

"அண்ணே, நம்ம கிளப்ல புகழ்க்கூடம் திறக்கிறோம்ணே. பழைய வீரர்களுக்கெல்லாம் மரியாதை. நீங்க இல்லாம எப்படிண்ணே?"

பன்னிரண்டுக்கு நெஞ்சு ஒரு அடி எம்பியது. "அந்த ஃபைனல் கோல் விஷயமா?"

"அதேதாண்ணே. ஜெர்சியைக் கண்ணாடிப் பெட்டியில வெக்கிறோம். பட்டனை அமுக்கினா கோல் எப்படி விழுந்துச்சுன்னு ஒரு குரல் சொல்லும். அன்னிக்கு ஆடினவங்கள்ல ஊர்ல இருக்கிறது நீங்களும் பத்து சாரும்தான். அவரைப் பத்தி அவரே சொன்னா நல்லா இருக்காது பாருங்க. நீங்க வந்து சொல்லிடுங்க. சுவர்ல உங்க பேரும் வருது, மாற்று ஆட்டக்காரர்கள் பட்டியல்ல."

மனைவி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். போன் வைத்ததும் அதே குழைவில் ஆரம்பித்தாள். "அண்ணே, உங்க கோலை அவர் போட்டதா உங்க வாயாலயே சொல்லிடுங்கண்ணே. கையோட உங்க மூக்கையும் அறுத்துக் குடுத்துட்டீங்கன்னா, அதையும் கண்ணாடிப் பெட்டியில வெச்சுடுவோம்ணே."

"சும்மா இருடி. நேர்ல போய் உள்ளதைச் சொன்னா மாத்திடுவாங்க."

"மாத்துவாங்க, மாத்துவாங்க. இந்தாங்க, வேற சட்டை போட்டுட்டுப் போங்க. இதுல பினாயில் வாசனை அடிக்குது."

புகழ்க்கூடம் என்பது பழைய சைக்கிள் கொட்டகைதான். பெயின்ட் வாடையை மறைக்க ரோஜா வாசனை அடித்திருந்தார்கள். இரண்டும் கலந்து பிண அறையை ஞாபகப்படுத்தியது. சுவர் முழுக்க பழைய அணியின் படங்கள். எல்லார் முகத்தையும் கம்ப்யூட்டரில் வழவழவென்று தேய்த்திருந்ததில், இறந்துபோன கோல்கீப்பர் சோப்பு விளம்பரத்துக்கு வந்தவர் மாதிரி சிரித்தார்.

ஒரு சுவரையொட்டி நடுவில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே வெள்ளை ஜெர்சி, பத்தாம் நம்பர். நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. கீழே பித்தளைத் தகட்டில் எழுதியிருந்தது: 'மூக்குடைந்து வழிந்த ரத்தத்தோடு பத்தாம் நம்பர் வீரர் அடித்த வெற்றி கோல்.'

பன்னிரண்டு குனிந்து பார்த்தார். நடுவில் வெளுப்பு, சுற்றிலும் மஞ்சள் வரம்பு. இருபத்தாறு வருஷச் சலவை அனுபவத்துக்கு இரண்டாவது பார்வை தேவைப்படவில்லை.

"வாடா பன்னெண்டு" என்று பின்னாலிருந்து குரல். பத்து. இப்போது பெரிய மரச்சாமான் கடைக்காரர், கிளப்பின் தலைவரும் அவரே. விரலுக்கு ஒரு மோதிரம். வந்தவர் பெட்டியைத் தொட்டு விரலை உதட்டில் ஒற்றிக்கொண்டார். அதைப் பார்த்த பன்னிரண்டுக்கு வாயில் எச்சில் ஊறியது, நல்ல விதத்தில் அல்ல.

செயலாளர் ஒரு காகிதத்தை நீட்டினார். "இதைப் படிச்சாப் போதும்ணே. ரெண்டே நிமிஷம்." அதில் பத்தாம் நம்பர்காரர் மூன்று பேரை ஏமாற்றி, அந்தரத்தில் திரும்பி, இடது காலால் அடித்திருந்தார்.

"தம்பி, இந்தக் கோல் என் இடுப்புல பட்டுப் போனது. இவன் அப்ப பெஞ்சுல படுத்திருந்தான். இது ரத்தமும் இல்ல, இவன் எடுத்த வாந்தி."

செயலாளர் சிரித்தார். "அண்ணனுக்கு எப்பவும் தமாஷ்தான்."

"தமாஷ் இல்ல. கோலை என் பேர்ல மாத்துங்க. நான் பேசறேன்."

"நோட்டுல பத்துன்னு இருக்கேண்ணே. நோட்டை மாத்த முடியுமா? அதுவும் வாந்தின்னு எழுதினா ஸ்கூல் பிள்ளைங்களை எப்படிண்ணே கூட்டிட்டு வருவாங்க?" என்றவர், ஏதோ போன் வந்ததாகச் சொல்லி வெளியே நழுவினார்.

பத்து நெருங்கி வந்து தோளில் கை போட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "டேய், முப்பது வருஷமா நான்தானடா இதைச் சொல்லிட்டு வர்றேன். கல்யாண வீடு, சாவு வீடு, கடை திறப்பு, எல்லா இடத்துலயும். நீ ஒரு தடவை வாயைத் திறந்தியா? நான் சொல்லலைன்னா அந்தக் கோலே செத்துப் போயிருக்கும். வளர்த்தவன் நான்."

"வளர்த்தியா? பெத்தது யாரு?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு? என் பேரன் பேத்தி எல்லாம் வர்றாங்கடா."

அந்தக் கையைப் பன்னிரண்டு தோளிலிருந்து எடுத்துவிட்டார். செயலாளர் திரும்பி வந்ததும், "பெட்டியைத் திறங்க" என்றார். "இவன் மோந்து பாக்கட்டும். பாத்துட்டு ரத்தம்னு சொன்னான்னா, நீங்க குடுத்த காகிதத்தை ஒரு எழுத்து விடாம படிச்சுட்டுப் போறேன். அப்புறம் ஜென்மத்துக்கும் கேக்க மாட்டேன்."

மூக்கு பொய் சொல்லாது என்பது அவர் நம்பிக்கை. சாவி போட்டதும் பெட்டிக்குள்ளிருந்து புளித்த வாடை குபீரென்று எழுந்தது. முப்பத்தொரு வருஷம் பாலிதீனுக்குள் ஊறி முற்றிய வாடை. செயலாளர் கைக்குட்டையைத் தேடினார்.

பத்து குனிந்தார். மூக்கைக் கறைமேலேயே வைத்து ஆழமாக இழுத்தார். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. கண் கலங்கியது. எதையோ விழுங்கினார். பிறகு நிமிர்ந்து, கோப்பை வாங்கியவர் மாதிரி சிரித்தார்.

"ரத்தம்தான். என் ரத்தம்" என்றார். சொன்னதோடு நிற்காமல், கறை இருந்த இடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எத்தனை வார்டு மூட்டைகளுக்கும் அசையாத பன்னிரண்டின் வயிறு அப்போது புரண்டது. ஒரு வாய் சோறு இருந்திருந்தால் அங்கேயே வந்திருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதை விழுங்கியவனுக்கு ஒரு கோலை விழுங்குவது என்ன பெரிய காரியம்?

"மைக்கைப் போடலாமாண்ணே?" என்றார் செயலாளர்.

"படிக்க மாட்டேன்."

"வாக்குக் குடுத்தீங்களேண்ணே."

"குடுத்தேன். மீறுறேன். அதுவும் அசிங்கம்தான், ஒத்துக்கிறேன். ஆனா இவனோட சேர்ந்து அந்த அசிங்கத்தைச் செய்ய என்னால ஆகாது. சுவர்ல என் பேரும் வேண்டாம், எடுத்துடுங்க."

"அப்ப யாருண்ணே சொல்றது?"

"வாந்தி எடுத்தவனே சொல்லட்டும்."

வீட்டுக்கு வந்து இரண்டு தரம் குளித்தார். தட்டை வைத்த மனைவி, அவர் சோற்றைத் தொடாமல் கையை உதறிவிட்டு எழுந்ததைப் பார்த்து மறுபடி எடுத்து மூடினாள்.

திறப்பு விழாவுக்கு அவர் போகவில்லை. அவள் போனாள். வந்ததும் செருப்பைக் கழற்றாமலே பத்தின் குரலில் ஆரம்பித்தாள். "'மூக்கிலிருந்து ரத்தம் ஆறாய் ஓடுது. மூணு பேர் மறிக்கிறாங்க. நான் விடல...' கடைசியில பட்டனை அவரே அமுக்கி, அவர் குரலை அவரே கேட்டு, அவரே கை தட்டினாருங்க. வரிசையில என் பின்னாடி நின்ன அம்மா கண்ணாடியைத் தொடப் போனாங்க. 'அது வாந்திம்மா'ன்னேன். வெடுக்குனு கையை எடுத்து, புடவையில துடைச்சாங்க பாருங்க, துடைச்சுக்கிட்டே இருந்தாங்க."

பன்னிரண்டு வாய்விட்டுச் சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு.

"சிரிக்காதீங்க. இன்னொண்ணு இருக்கு. உங்க பேரு சுவர்ல இருக்கு."

சிரிப்பு நின்றது. "எடுக்கச் சொன்னேனே."

"எழுதி முடிச்சாச்சாம். 'பெருந்தன்மையா விட்டுக் குடுத்த அண்ணன்'னு மைக்ல வேற சொன்னாங்க. சரியா அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு மேல இருக்கு."

அவர் எழுந்துபோய் முகம் கழுவினார். சோப்புப் போட்டு மறுபடியும் கழுவினார்.

"நாளைக்கு நான் வேலைக்குக் கொஞ்சம் லேட்டாப் போவேன்" என்றார் துண்டால் துடைத்தபடி.

"எங்க போறீங்க?"

"சுவர்ல என் பேரை எழுதின பெயின்ட் எதுல அழியும்னு பாக்கணும்."

"அந்தக் கிளப்புல உங்க பேரு எழுதியிருக்கிற ஒரே இடம் அதுதானே, அதுவும்ல போயிடும்?"

"போகட்டும்" என்றார்.

"பட்டியல்ல மேலேர்ந்து நாலாவது. ஸ்டூல் எடுத்துட்டுப் போங்க, எட்டாது" என்றாள்.