பின்சக்கரத்தில் சூடு

சிதம்பரத்தில் மகள் வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. கடலூரிலிருந்து என் வீட்டுக்காரரின் மொபெட்டில் கிளம்பினோம். மடியில் அதிரசத் தூக்கு.

முதுநகர் தாண்டி ஒரு பாலத்து ஏற்றத்தில் வண்டி உறுமியதே தவிர ஏறவில்லை. என்னை இறங்கி நடக்கச் சொன்னார். ஷேர் ஆட்டோவில் போனவர்களெல்லாம் பார்க்க, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தேன். மேலே போய் மறுபடி ஏறிக்கொண்டேன். குடிகாட்டுப் பக்கம் சமதரையிலேயே வண்டி திணறியது.

"வண்டி ஒன்னத் தாங்கல. நீ பஸ்ஸுல வந்துடு" என்றார்.

நான் தனியாக பஸ் ஏறியதே இல்லை. கண்டக்டரிடம் ஊர்ப் பேர் சொல்லவே வெட்கம். இனிமேல் எங்கே போனாலும் அவர் வண்டியில், நான் பஸ்ஸில் என்றாகிவிடுமே என்றும் இருந்தது. இறங்கி நின்றபோது பின்சக்கரத்துப் பக்கமிருந்து தோசைக்கல் மாதிரி காலில் அனல் அடித்தது. சொன்னால் திட்டுவாரோ என்று தயங்கித்தான் சொன்னேன்.

"மாமா, சக்கரத்து நடுவுல கொதிக்குது."

குனிந்து தொட்டவர் கையை உதறினார். தள்ளிக்கொண்டே பக்கத்து மெக்கானிக் கடைக்குப் போனோம். மெக்கானிக் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரத்தைக் கையால் சுழற்றினார். அரைச் சுற்றுகூடப் போகவில்லை. இன்ஜின் இழுவை முழுசாகச் சக்கரத்துக்கு எந்த வண்டியிலும் வராதாம். கிளட்ச், செயின், பேரிங் எல்லாம் வழியில் கொஞ்சம் கொஞ்சம் தின்றுவிடுமாம். எங்கள் வண்டியில் மிச்சத்தை, சக்கரத்தை விடாமல் உரசிக்கொண்டிருந்த பிரேக் தின்றிருக்கிறது. அந்தச் சூடுதான் அது.

பிரேக்கை இப்படி முறுக்கியது யார் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் ரோட்டைப் பார்த்தார்.

"நான்தான், காலையில. இவ பின்னால குந்துறாளே, புடிச்சா டக்குனு நிக்கணும்னு."

"நிக்கிறதுக்கு நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. போறதுக்குத்தான் வழி வைக்கல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை முந்தானையால் மூடிக்கொண்டேன். மெக்கானிக் பிரேக்கைத் தளர்த்தி, காய்ந்து கிடந்த செயினுக்கு எண்ணெய் விட்டார். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பஸ் பேச்சை என் வீட்டுக்காரர் எடுக்கவில்லை. நானும் கேட்காமல் ஏறி உட்கார்ந்தேன்.

வெள்ளாற்றுப் பாலத்தில் காற்று முகத்தில் அடிக்க வண்டி சுகமாக ஏறியது. எங்கிருந்துதான் எனக்கு அந்தத் தைரியம் வந்ததோ, அவர் காதருகே குனிந்து கேட்டேன்.

"எறங்கிக்கட்டுமா?"

"சும்மா புடிச்சிக்கிட்டு குந்து" என்றார். தோள் குலுங்கியதில் அவரும் சிரிக்கிறார் என்று தெரிந்தது.