தலைகீழாகத் தொங்கிய வரைபடம்

பட்டின சபைக் கூட்டத்தை விட்டு நான் கடற்கரை வீதியால் நடந்துகொண்டிருந்தபோதும் உள்ளே கைதட்டல் ஓயவில்லை. எழுபதுகளின் கடைசி. மழைத்தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் கான் வெட்டுவது பற்றிய கூட்டம் அது. வரைபடத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள். கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்த உறுப்பினர்கள் அதைப் பார்த்து, தண்ணீரை மேற்கே விடத் தீர்மானம் எழுதினார்கள்.

மேற்கே, தாழ்வான நிலத்தில், எனக்கு அக்காபோலப் படுக்க இடம் தந்த அப்பக்கடை ராத்தாவின் வீடு இருந்தது.

“கடல் கிழக்கால கிடக்கு, சேர்மன். ஒங்கட வாப்பா அங்கதானே வலை இழுத்தவரு. இப்பிடி வெட்டினா தண்ணியெல்லாம் என்ட ஊட்டுக்குள்ளதான் வரும்,” என்று ராத்தா சபையில் எழுந்து நின்று சொன்னார்.

“ஊட்டுக்குச் சோலைவரி கட்டுறவங்கதான் இஞ்ச கதைக்கலாம், புள்ள. தீர்மானம் ஏகமனதா நிறைவேறிட்டு,” என்றார் தவிசாளர்.

வரைபடத்தைத் திருப்பி மாட்ட ஒருவரும் எழவில்லை. தேநீருக்கு எல்லோரும் எழுந்தார்கள்.

மறுநாள் காலை கான் வெட்ட ஆள் எடுத்தார்கள். எனக்கு வேறு வேலை இல்லை. மண்வெட்டியை வாங்கிக்கொண்டு ராத்தாவின் வாசலை நோக்கி வெட்டத் தொடங்கினேன்.