மேல் வரியை அடித்தேன்

கண்ணுகளா, ஊரில் யாராவது, "உங்கப்பன் கொரோனா பணத்தைத் திருப்பிக் கட்டுன போலி விவசாயி" என்று சொன்னால் நீங்கள் தலை குனிய வேண்டாம். நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். எட்டாவது வரை படித்தவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரடங்கு வந்தபோது தோட்டத்தில் தக்காளி பழுத்து நின்றது. கிணத்துக்கடவு மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனால் வாங்க ஆளில்லை. பறித்ததை மாட்டுக்குப் போட்டோம், மீதியைச் செடியோடு சேர்த்து உழுதோம். அந்தச் சமயம்தான் விவசாயிகளுக்குத் தவணையாக வரும் அரசுப் பணம் என் கணக்கிலும் ஏறியது. வெண்டை விதை வாங்கினேன்.

அடுத்த வருசம் விவசாய ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். காடு கழனி இல்லாத பலரும் கம்ப்யூட்டர் சென்டரில் பதிந்து பணம் வாங்கிவிட்டார்களாம், விசாரணை. நானும் அங்கேதான் பதிந்திருந்தேன். அதிகாரி ஒரு சின்ன வயசு அம்மணி.

"ஏனுங்க, உங்க பேர்ல பட்டாவே இல்லீங்களே?"

இல்லைதான். தப்பு நம் வீட்டுது. என் அப்பா காலமானதும் உங்க பெரியப்பாவும் நானும் நிலத்தை வாய்ப்பேச்சிலேயே பிரித்துக்கொண்டோம். கிணற்றுக்கு மேற்கே அவருக்கு, கிழக்கே எனக்கு. அண்ணன் தம்பிக்குள்ளே காயிதம் எதுக்கு என்று பெருமை பேசி, பட்டாவை அவர் பேரிலேயே விட்டுப்போட்டோம்.

அம்மணி ஒரு தாளை நீட்டினார். பணத்தைத் திருப்பிக் கட்டுகிறேன் என்று ஒரு வரி. அதற்கு மேலே, 'நான் விவசாயி இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.'

"பணத்தை எடுத்துக்கோங்க. மேல் வரிக்குக் கையெழுத்து வராதுங்க" என்றேன்.

"எல்லாருக்கும் ஒரே தாள்தானுங்க. உங்க ஊர்ல அத்தனை பேரும் போட்டுட்டாங்க."

"விவசாயி இல்லாதவிய போடட்டுங்க."

கையெழுத்துப் போடாமலே திரும்பினேன். அடுத்த வாரமும் அப்படியே. உங்கம்மா சலித்துக்கொண்டாள்.

"ரெண்டு தடவை பஸ் ஏறியாச்சு. ஒரு கையெழுத்த இழுத்துட்டு வாரதுக்கு என்னங்க?"

"நீயுந்தான களை வெட்டற. நீ போடுவியா?"

"நானா? பேனாவ ஒடச்சுப்போடுவேன்" என்றாள்.

மூன்றாவது தடவை பெரியப்பாவையும் கூட்டிப்போனேன். "அம்மணி, கெழக்கால காடு இவனுதுங்க. அதுல நான் ஒரு களை புடுங்குனதில்லீங்க. பட்டா மட்டுந்தான் என்னுது" என்றார்.

"அப்ப பட்டாவ மாத்திட்டு வாங்க. இப்போதைக்கு இந்தத் தாளுதானுங்க."

பேனாவை வாங்கி மேல் வரியை அடித்தேன். கீழே என் கையால் எழுதினேன்: 'நான் விவசாயி. பட்டா அண்ணன் பேரில் உள்ளது. பணத்தைக் கட்டிவிடுகிறேன்.' கையெழுத்துப் போட்டேன்.

"இப்படி அடிச்சா மேல் ஆபீசுல எடுத்துக்கமாட்டாங்க."

"எடுத்துக்காட்டி மறுபடியும் வாரேனுங்க. காலைல தண்ணி கட்டிப்போட்டு மத்தியான பஸ்ஸுக்கு வாரேன். தாள் தீர்ற வரைக்கும் வாரேன்."

அம்மணி என்னைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார். வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது.

"திருத்தம் பண்ணுன எடத்துலயும் ஒரு கையெழுத்துப் போடோணுங்க. அதுதான் ஆபீஸ் முறை" என்றார்.

அழுத்திப் போட்டேன். அடுத்த தாளிலும் பதிந்திருக்கும்.

பணத்தைக் கட்டினேன். பிறகு வந்த தவணை ஒன்றும் எனக்கில்லை. பட்டா மாற்ற மனு கொடுத்திருக்கிறேன், பெரியப்பாவும் ஒப்புதல் கொடுத்துவிட்டார். போன மாதம் ஏதோ குறையென்று திருப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை மறுபடியும் போகிறேன். விவசாயி இல்லை என்று நான் கையெழுத்துப் போட்ட தாள் எந்த ஆபீசிலும் கிடையாது.