வராத கரண்டின் புகை

ஹாலந்துக்கு நான் வந்த முதல் குளிர்காலத்தில், எங்கள் தெருவில் மறுவாரம் ஒரு காலைப்பொழுது மட்டும் மின்சாரம் இருக்காது என்று தெரிவித்து, அதற்கு மன்னிப்பும் கேட்டு வீடு வீடாகத் தாள் போட்டிருந்தார்கள். மாடிவீட்டு அம்மாள் என் கதவைத் தட்டி, "தனியாக இருக்கிறீர்களே, சமாளித்துக்கொள்வீர்களா?" என்று கவலையாக விசாரித்தார். "எங்கள் ஊரில் தினமும் போகும்" என்றேன். "தினமும் மன்னிப்புக் கேட்பார்களா?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவைச் சாத்தியபோது, இந்த நாட்டில் இதே விஷயத்தை விளக்கி விளக்கி என் தொண்டை வறளப்போகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

ஊரில் எங்கள் வீடு, தாம்பரத்தை அடுத்த பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில். எண்பதுகளில் அப்பா நிலத்தைப் பிளாட் போட்டு விற்றார், அக்கம்பக்கத்தவர்களும் விற்றார்கள். நெல் நின்ற இடத்தில் வீடுகள் வந்தன, வீட்டுக்கு வீடு மோட்டார், மிக்சி, டிவி வந்தன. கரண்ட் கம்பம் மட்டும் வயலுக்கு நட்ட அதே கம்பம். பொழுது சாய்ந்தால் டியூப்லைட் மினுக் மினுக்கென்று துடிக்குமே தவிர எரியாது. ஃபேன் சுற்றும்போதே அதன் இறக்கைகளைத் தனித்தனியாகப் பார்க்கலாம். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்று தெருவே இருண்டுவிடும். என் அண்ணன் தாம்பரம் மார்க்கெட்டில் எலெக்ட்ரிகல் கடை போட்டு, ஸ்டெபிலைசர் விற்றே குடும்பத்தை நிமிர்த்தினார். நான் எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்துவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு வேலைக்கு வந்தேன்.

மின்தேவை நீண்டகாலத்தில் கூடினாலோ குறைந்தாலோ அதனால் மின்நிலையங்களின் புகை எவ்வளவு கூடும், எவ்வளவு குறையும் என்று மதிப்பிடுவதுதான் வேலை. இன்று ஒரு பல்பை அணைத்தால், இன்று ஓடுகிற ஏதோ ஒரு மின்நிலையத்தில் கொஞ்சம் நிலக்கரி மிச்சமாகும். அது சுலபமான கணக்கு. ஓர் ஊரே வருஷக்கணக்கில் குறைவாகச் செலவழித்தால், கட்டவிருந்த மின்நிலையம் ஒன்றே தேவையில்லை என்று ஆகலாம். அப்போது இன்னும் கட்டாத நிலையத்தின் புகையை எண்ண வேண்டும். அந்தச் சமயத்தில் எங்களிடம் ஓர் உதவி நிறுவனத்தின் திட்டம் வந்தது. கரண்டைக் குறைவாகச் செலவழிக்கும் மோட்டார்களையும் விளக்குகளையும் ஏதாவது ஒரு நகரத்தின் புறநகருக்குக் கொடுக்கப்போகிறார்கள். எங்கே கொடுத்தால் புகை அதிகம் குறையும் என்று நாங்கள் சொல்ல வேண்டும். நான் தாம்பரத்தையும் சுற்றுப்புறத்தையும் சேர்க்கச் சொல்லி வாதாடினேன். சேர்த்தார்கள்.

எங்கள் குழுவின் தலைவர் ஹெங்க் நல்ல மனிதர். அதனால்தான் அவர்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. தாம்பரத்தின் ஒருநாள் மின்செலவு வரைபடத்தை மேசையில் விரித்து, சாயங்காலத்தில் கோடு சரிந்து விழுகிற இடத்தில் பென்சிலை வைத்தார்.

"உங்கள் மக்கள் சீக்கிரம் தூங்கிவிடுவார்களா?"

"இல்லை. அந்த நேரத்தில் கரண்ட் கட்."

"அப்படியானால் அப்போது தேவை குறைவு."

"தேவை இருக்கிறது, ஹெங்க். கொடுக்கத்தான் இல்லை."

"கொடுக்காததை எப்படி அளப்பது?"

 அந்தச் சரிவை அப்படியே எடுத்துக்கொண்டால், இந்த ஊருக்குத் தேவையே குறைவு, புது மின்நிலையம் வேண்டாம், ஆகவே இங்கே மிச்சப்படுத்தியும் பெரிதாகப் புகை குறையாது என்றுதான் முடிவு வரும். கரண்டுக்காகக் காத்துக்கொண்டிருக்கும் ஓர் ஊர், கரண்டே வேண்டாத ஊராகிவிடும்.

ஆதாரம் திரட்ட மே மாத விடுமுறையில் ஊருக்குப் போனேன். கரண்ட் நாள் முழுக்க இருந்தால் என்ன வாங்குவீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டேன். பாதிப்பேர் என்னை மின்சார ஆபீஸ் ஆள் என்று நினைத்து, இரண்டாவது ஃபேனே இல்லையென்று சாதித்தார்கள். மீதிப்பேர் புகார் சொன்னார்கள். ஏரிக்கரை ஓரமாக இட்லிக்கடை நடத்திய ஒரு அக்கா, கிரைண்டர் பாதியில் நின்றுபோன எரிச்சலில் மாவுக் கையோடு வெளியே வந்தார்.

"நீ எழுதிக்கினு போனா கரண்ட் வந்துடுமா?"

"உடனே வராதுக்கா. வந்தா இன்னா வாங்குவீங்கன்னுதான்…"

"ஊறப்போட்ட அரிசி அப்டியே கீது. இல்லாத கரண்ட்ல இன்னா வாங்குவேன்னு கேக்கறியே, வெறுப்பேத்தறியா? போம்மா அப்பால."

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் புலம்பினேன். அவர் ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தது என் அசட்டுத்தனம்.

"நீங்க அங்க ஹீட்டர் போட்டுகினு குளிர் காயறீங்க. எங்க ஃபேன் எவ்ளோ புகை வுடுதுன்னு கணக்கு எடுக்க உன்னை அனுப்சாங்களா?"

"அண்ணா, இது நம்ம ஊருக்கு நல்லதுக்குத்தான். மோட்டார், லைட்டெல்லாம் தருவாங்க."

"மொதல்ல கரண்ட குடுக்கச் சொல்லு விஜி. அப்புறமா மிச்சம் புடிக்கறோம்."

கரண்டைப் பற்றி அவர் சொன்னது என்னைச் சுடவில்லை. அந்த 'நீங்க'தான் சுட்டது. ஹெங்க் சொன்ன 'உங்கள் மக்கள்' இவர்தான் என்று நம்பித்தானே விமானம் ஏறி வந்தேன்.

திரும்பிவந்து கூட்டத்தில் எல்லாவற்றையும் வைத்தேன். புதிதாக முளைத்த வீடுகள், பழைய கம்பங்கள், வேண்டும் என்று சொன்னவர்கள், பயந்து மறைத்தவர்கள். ஹெங்க் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "இது ஆசை. அளவீடு இல்லை" என்றார். குரலை உயர்த்தினேன். "மின்நிலையம் கட்டுகிறவர்கள் இந்த ஆசைக்காகத்தான் கட்டப்போகிறார்கள்!" என்றேன். அறையில் எல்லோரும் தங்கள் காபிக் கோப்பையைப் பார்த்தார்கள். அறிக்கை சரிந்த கோட்டோடேயே அச்சாகியது. மோட்டார்களும் விளக்குகளும் வேறொரு நாட்டுக்குப் போயின. வெகுநாள் ஹெங்கோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. ஏனென்று அவருக்குக் கடைசிவரை புரியவுமில்லை.

சில வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். குரலில் அப்படியொரு உற்சாகம். "விஜி, நம்ம தெருவுக்குப் புது டிரான்ஸ்பார்மர் வந்துட்சு. கரண்ட் நிக்காம வருது. மார்க்கெட்ல எல்லாரும் பெரிய பெரிய சாமானா கேக்கறாங்க. நானே வூட்ல ஏசி போட்டுட்டேன். இரு, கேளு." ரிசீவரை ஏசிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தார். தூரத்து மழைபோல ஓர் இரைச்சல், அதற்குப் பின்னால் அண்ணி சிரிப்பது கேட்டது. கண் கலங்கிவிட்டது எனக்கு. கலங்கிய அதே நொடியில், தெருவுக்கு இத்தனை ஏசி, ஊருக்கு இத்தனை தெரு, அதற்கெல்லாம் எந்தக் கடற்கரையில் எத்தனை புகைபோக்கி என்று உள்ளே கணக்கு ஓடத் தொடங்கியது. நிறுத்தப் பார்த்தேன். முடியவில்லை.

"கேக்குதா? போதுமா?" என்றார் அண்ணன்.

"இன்னும் கொஞ்ச நேரம் பிடிண்ணா" என்றேன்.