நிற்க வைத்து எடுத்த அளவு

கவுனின் கீழ் விளிம்பை மடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள் தையல்காரி. வாடிக்கைத் துணியெல்லாம் ஓரமாகக் கிடந்தது. இது மகளுக்கு. இந்த நான்கு வயது வரை அவளுக்குத் தைத்ததெல்லாம் படுக்கவைத்து அளந்த சட்டைகள். இதற்குத்தான் முதன்முதலாக நிற்க வைத்து அளவெடுத்திருந்தாள்.

அளவெடுத்த அன்று, வெல்டரான கணவன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பிடிக்க, குழந்தையின் கால்கள் விறைத்து நீண்டன. கடையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் அக்கா கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"சிப்பாய் மாதிரி நிக்கறாடி! இவ அப்பன் என்னிக்காவது இப்படி நேரா நின்னிருக்கானா?"

"நாள் பூரா குனிஞ்சு பத்த வைக்கிறவன்க்கா நான். வீட்டுல ஒருத்தராவது நிமிந்து நிக்கட்டுமே" என்றான் அவன்.

பிரசவம் இழுத்துக்கொண்டே போய், குழந்தை நீலம் பாரித்துப் பிறந்தாள். அழவில்லை. மூச்சை வரவழைப்பதற்குள் மூளை காற்றில்லாமல் தவித்துவிட்டது. பின்னாலேயே வலிப்பு வந்தது. பெருமூளை வாதம் என்று பெயர் சொன்னபோது, "நடப்பாளா?" என்று தாய் கேட்டாள். "போகப்போகப் பார்க்கலாம்" என்றார் மருத்துவர். அந்த ஒரு சொல்லை முந்தானையில் முடிந்துகொண்டவள், சாயங்காலந்தோறும் வெட்டுமேசை மேல் மகளைத் தூக்கி நிறுத்தினாள். நிறுத்தியபோதெல்லாம் கால் விறைத்தது. பலம் ஏறுகிறது என்று நினைத்தாள்.

கவுன் முடியும் தறுவாயில் மருத்துவமனையில் இடுப்பை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். படத்தோடு தசைப் பயிற்சி அறைக்குள் போனவள், கேட்பதற்கு முன்பே மகளைத் தூக்கி நிறுத்திக் காட்டினாள்.

"பாருங்க மேடம், நிக்கறா!"

பயிற்சி கொடுக்கும் பெண் குனிந்து குதிகாலைப் பார்த்தாள். பிறகு குழந்தையை வாங்கி மடியில் வைத்து, முழங்கால்களை மெல்லப் பிரித்தாள். குழந்தை சிணுங்கியது.

"அம்மா, இது நிக்கறது இல்ல. குதிகால் தரையில படவே இல்ல, பாருங்க. காலு ரெண்டும் கத்தரி மாதிரி பின்னிக்குது. மூளையில பட்ட காயம் தசையை இறுக்கி இழுக்குது. தூக்கிப் பிடிச்சா இன்னும்தான் இழுக்கும்."

"தினமும் நிக்க வைக்கறேனே நான்…"

"இனிமே இப்படி வேணாம். தொடை எலும்பு இடுப்புக் குழியை விட்டு நகர ஆரம்பிச்சிருக்கு. உங்களால இல்ல, இறுக்கத்தால வந்தது."

"அப்ப நடக்க மாட்டாளா?"

"இந்த வயசுலயும் தானா உக்கார முடியலையேம்மா. தனியா நடப்பான்னு எதிர்பார்க்காதீங்க. இருக்கிற இடுப்பைக் காப்பாத்துவோம். வலி இல்லாம நல்லா உக்கார வைப்போம்."

'உங்களால இல்ல' என்றது தாயின் காதில் ஏறவே இல்லை.

"வேற டாக்டரைப் பார்க்கலாம்" என்றான் கணவன் பேருந்தில்.

"யாரைப் பார்த்தா என்னங்க? குதிகால் கீழ இறங்கிடுமா?"

கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்கு வந்ததும், "தைச்சது தைச்சாச்சு, போட்டாவது பாரேன்" என்றான். மடங்கி இறுகிய கை சட்டைக்கைக்குள் போகவில்லை. இழுத்தால் குழந்தை வில்லாய் வளைந்து அலறினாள். கழற்றிப் போட்டார்கள். அந்த நேரம் பார்த்து எட்டிப் பார்த்த காஜா அக்கா, "எங்கடி நம்ம சிப்பாய்?" என்றாள். அக்கா இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, குழந்தையின் தலையைத் தொட்டுவிட்டுப் போய்விட்டாள். சாயங்காலம் வந்தது. வெட்டுமேசை வெறுமனே கிடந்தது.

மறுநாள் காலை கடை திறந்ததும் தையல்காரி வேறு துணியைத் தொடவில்லை. கவுனின் முதுகைக் கழுத்திலிருந்து அடிவரை கத்தரியால் வெட்டித் திறந்தாள். ஓரங்களை மடித்துத் தைத்து, கட்ட நாடா வைத்தாள். மகளை மடியில் முழங்கால் மடங்க உட்கார வைத்துக்கொண்டு, தோளிலிருந்து முழங்கால்வரை மறுபடி அளந்தாள். நீளம் மிஞ்சியது. மிஞ்சியதை வெட்டி எறிந்தாள். பிறகு முன்பக்கமாகக் கவுனை விரித்து, அதிகம் இறுகியிருந்த வலக்கையை முதலில் நுழைத்தாள்.