தெர்மகோல் சாவி

போன வாரம் ஒரு கழிப்பறைக்குப் பொன்னாடை போர்த்தினோம்.

ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். கழிப்பறைக் கதவில் ஜரிகைத் துண்டு, குறுக்கே சிவப்பு ரிப்பன், நிலையில் மாவிலைத் தோரணம். மைக் பிடித்தவன் நான். ‘சுகாதாரத்தின் வாசல் இதோ திறக்கிறது!’ என்று அடிவயிற்றிலிருந்து முழங்கினேன். வாசல் திறக்கவில்லை. பூட்டியிருந்தது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

ரிட்டயர் ஆன பிறகு அஸ்தினாபுரம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் பூண்டு உரிக்கச் சொல்கிறார்கள். அதிலிருந்து தப்பிக்கத்தான் ஒரு சேவைச் சங்கத்தில் சேர்ந்தேன். சேவை மனப்பான்மை என்றெல்லாம் புருடா விட மாட்டேன். ஏசி ஹாலில் மீட்டிங், முடிந்ததும் பஃபே, பஃபேயில் இரண்டு வகை ஐஸ்க்ரீம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதால், விழா என்றால் மைக்கை என்னிடம் கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் ப்ரெசிடென்ட் ராஜகீழ்ப்பாக்கத்துப் பழைய குடும்பம். அப்பா காலத்தில் நெல் விளைந்த இடத்தில், இவர் காலத்தில் அபார்ட்மென்ட் விளைகிறது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கேட்டால் கொடுப்பார். ஆனால் கொடுக்கும்போது எதிரே கேமரா இருக்க வேண்டும். கேமரா இல்லாத இடத்தில் அவர் கை பாக்கெட்டை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

ஒரு மீட்டிங்கில் ‘வளரும் நாடுகளில் குடிநீரும் சுகாதாரமும்’ என்று ஸ்லைடு ஷோ போட்டார்கள். எங்கோ பாலைவனத்தில் குடத்தோடு நடக்கும் பெண்கள். எல்லோரும் உச்சுக் கொட்டினோம். கொட்டிக்கொண்டே ஆளுக்கொரு மினரல் வாட்டர் பாட்டிலைத் திறந்தோம். இரண்டு மடக்கு குடித்துவிட்டு, மீதியை மேஜையிலேயே விட்டுவிட்டு ஐஸ்க்ரீம் பக்கம் நகர்ந்தோம். அந்த வளரும் நாடு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஹாலை விட்டு வெளியே வந்து ஷேர் ஆட்டோ பிடித்தால், இறங்கும் இடத்தில் ஒரு அரசுப் பள்ளி. அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு பழைய கழிப்பறை இருந்தது. கூரை ஒழுகும், கதவு ஆடும்... இருந்தாலும் இருந்தது. ஒரு வெளிநாட்டுச் சங்கம் பாதிச் செலவை ஏற்க, நாங்கள் அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினோம். பளபள டைல்ஸ், சுவரில் கறுப்பு கிரானைட்டில் எங்கள் பெயர்கள். என் பெயரும் உண்டு, கடைசியில், வாஷ்பேசினுக்கு மேலே.

கட்டி முடித்தோம். பூட்டினோம்.

ஏன்? வெளிநாட்டு விருந்தினர்கள் வந்து திறக்க வேண்டுமாம். அவர்கள் எப்போது வருவார்கள்? மழை முடிந்து, வெயில் தணிந்து, டிக்கெட் தோதாகக் கிடைக்கும்போது. அதுவரை? அதுவரை பிள்ளைகள் அடக்கிக்கொள்ள வேண்டும்.

ஹெச்.எம். மேடம் எனக்கு போன் செய்தார்.

“சார், எங்க பொண்ணுங்க காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கறதில்ல. குடிச்சா போகணுமே, எங்க போறது? நேத்து ப்ரேயர்ல ஒரு பொண்ணு மயங்கி விழுந்துட்டா. இன்னொருத்திக்கு இன்ஃபெக்‌ஷன், ஆஸ்பத்திரியில இருக்கா. பெரிய பொண்ணுங்க அந்த நாள்ல ஸ்கூலுக்கே வர்றதில்ல. சாவி மட்டும் வாங்கிக் குடுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

ப்ரெசிடென்டிடம் ஓடிச் சாவியைக் கேட்டேன்.

“சார், இப்பவே யூஸ் பண்ண விட்டா டைல்ஸ் அழுக்காயிடும். ஃபாரின்காரங்க வந்து பார்த்தா நம்ம மானம் என்ன ஆறது?”

“பிள்ளைங்க மயங்கி விழறாங்க சார்.”

“ஐயோ பாவம்...” என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். “அடுத்த மாசம் மெடிக்கல் கேம்ப் ஒண்ணு போட்டுடலாமா? பேனர் பழசே இருக்கு.”

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யும் நாட்களில் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கும். இவரிடம் கருணையைக் கேட்டால் கேம்ப் கிடைக்கும். விழாவைக் கேட்டால்?

“சார், திறப்பு விழா அவங்க வந்ததும் வெச்சுக்கலாம். அதுக்கு முன்னாடி சாவி ஒப்படைப்பு விழான்னு தனியா ஒண்ணு நடத்தினா என்ன? ரெண்டு விழா... ரெண்டு செட் போட்டோ...”

அவர் முகத்தில் பல்பு எரிந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வீடு திரும்பும் வழியெல்லாம் என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். மெச்சுவதற்கு வேறு ஆள் இல்லை.

விழா நடந்தது. ஷாமியானா, நாற்காலி, செண்டை மேளம். பிள்ளைகளை வெயிலில் உட்கார வைத்து, தண்ணீர் சிக்கனம் பற்றி மூன்று பேர் பேசினார்கள். தண்ணீரே குடிக்காத பிள்ளைகளிடம்! கடைசியாக, தங்கக் கலர் பேப்பர் ஒட்டிய ஒரு தெர்மகோல் சாவியை நான்கு பேர் சுமந்து வந்தார்கள். அதை ப்ரெசிடென்ட் ஹெச்.எம்.மிடம் ஒப்படைக்க, க்ளிக், க்ளிக், க்ளிக். பெரிய பெரிய காசோலைகளை நீட்டி போட்டோ எடுத்துப் பழகிய கூட்டமல்லவா? சாவி என்றதும் ஆள் உயரத்துக்குச் செய்துவிட்டார்கள்.

பிறகு எல்லோரும் கார் ஏறி பிரியாணி சாப்பிடப் போய்விட்டார்கள். பேனரைக் கழற்ற நான் மட்டும் நின்றேன்.

கதவில் பித்தளைப் பூட்டு. எதிரே தெர்மகோல் சாவியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு ஹெச்.எம்.

“சார்... நிஜச் சாவி?”

போன் போட்டேன்.

“அதான் குடுத்தாச்சே சார்!” என்றார் ப்ரெசிடென்ட், வாயில் லெக் பீஸோடு.

“அது தெர்மகோல் சார்.”

“ஒரிஜினல் என் பாக்கெட்ல பத்திரமா இருக்கு. அதை ஃபாரின் கெஸ்ட் கையாலதானே குடுக்கணும்? நீங்கதானே ரெண்டு விழான்னு சொன்னீங்க?”

நான்தான் சொன்னேன். என் சாமர்த்தியம் என் தலையிலேயே மண்ணைக் கொட்டிவிட்டு, கை தட்டிவிட்டுப் போனது.

பக்கத்தில் தேவி நின்றிருந்தார். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. ஆஸ்பத்திரியில் இருந்த பெண்ணின் அம்மா. கேம்ப் ரோடு பக்கம் இட்லிக் கடை வைத்திருக்கிறார். தெர்மகோல் சாவியை வாங்கி, மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா சார் இது? இத்த வெச்சுகினு பூட்டத் தொறக்கறதா, இல்ல கொசு ஓட்டறதா?”

“இல்லக்கா... அது ஒரு அடையாளம்...”

“அடையாளமா? எம் பொண்ணு ரெண்டு நாளா ட்ரிப்ஸ் ஏத்திகினு கீது. அதுவும் அடையாளமா?”

குனிந்து பேனரைச் சுருட்ட ஆரம்பித்தேன். மைக் பிடித்த காலத்திலிருந்து இது புது அனுபவம்.

“மேடம், கொஞ்சம் அந்தாண்ட பாருங்க,” என்றார் தேவி.

ஹெச்.எம். அரசு ஊழியர். சட்டென்று திரும்பி, திருநீர்மலை எந்தத் திசையில் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார். நானும் கூடவே தேடினேன். எங்கள் முதுகுக்குப் பின்னால் கருங்கல் நாலு தடவை பேசியது. பூட்டு விழுந்தது.

அடுத்த நிமிஷம் நடந்ததை எந்த ஸ்லைடு ஷோவிலும் நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ரிப்பனுக்குக் கீழே குனிந்து, பொன்னாடையை ஒதுக்கிவிட்டு உள்ளே போனார்கள். குழாயில் தண்ணீர் கூட வந்தது. ஆனால் ஒவ்வொரு கதவுக்கு வெளியேயும் ஒரு பெண் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏம்மா, எதுக்குப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க?”

“உள்ள தாழ்ப்பாளே இல்ல அங்கிள்.”

பிள்ளைகள் எல்லோரும் வெளியே வந்த பிறகு எட்டிப் பார்த்தேன். இல்லை. எந்தக் கதவிலும் இல்லை. வெளியே பித்தளைப் பூட்டு, சுவரில் கிரானைட், நிலையில் மாவிலை. உள்ளே ஒரு தாழ்ப்பாள் கிடையாது.

மறுபடியும் ப்ரெசிடென்டுக்கு போன். பூட்டு உடைந்ததைச் சொல்லாமல், தாழ்ப்பாளை மட்டும் சொன்னேன். வீரம் எனக்கு அவ்வளவுதான்.

அவர் லெக் பீஸை மென்று முடித்தார்.

“தாழ்ப்பாள் உள்பக்கம்தானே சார் வரும்? போட்டோவுல தெரியாதே...”

போனை வைத்துவிட்டேன். ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷன் ஹார்டுவேர் கடையில் தாழ்ப்பாள்கள் வாங்கி, ஒரு கார்ப்பென்டரைக் கையோடு அழைத்து வந்தேன். முதல் தாழ்ப்பாளை நானே மாட்டுகிறேன் என்று ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கிக்கொண்டதில் கட்டைவிரல் போயிற்று. மற்றதை அவர் மாட்டினார். நான் மாட்டியதையும் கழற்றி, மறுபடி மாட்டினார்.

தேவி ஒவ்வொரு கதவுக்குள்ளும் போய்ப் போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தார். கடைசிக் கதவிலிருந்து தலையை நீட்டினார்.

“இதுக்கு விழா கிழா ஒண்ணும் இல்லியே சார்?”

“ஒண்ணும் இல்லக்கா.”

“அப்போ நெலச்சு நிக்கும்.”